சோதனைக்கு முன் சொல்ல வேண்டிய கதை

ஆய்வகத்திலிருந்து வந்த இரண்டு பக்கத் தாள் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இடப்பக்கம் பால், முட்டை வெள்ளைக்கரு, கோதுமை, சோயா, நிலக்கடலை, இறால், நண்டு என்று முப்பது உணவுகளின் பெயர்கள். வலப்பக்கம் எண்கள். ஏழெட்டு எண்களுக்குப் பக்கத்தில் கூட்டல் குறி. இரவெல்லாம் சொறிந்துகொண்டு தூங்காமல் அழும் இரண்டு வயதுத் தம்பிக்காக, அம்மா கிளினிக்கில் பணம் கட்டி எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு அது. ஆங்கிலத்தில் இருக்கும் அந்தத் தாளைப் படித்துச் சொல்லும் வேலை வீட்டில் யாருக்கு வரும்? இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்களுக்குத்தான்.

"கூட்டல் குறி போட்டதையெல்லாம் நிறுத்திடலாம்மா" என்று நீங்கள் சொல்லிவிட்டால், மறுநாளிலிருந்து தம்பிக்குப் பால் இல்லை, முட்டை இல்லை, ரொட்டி சானாய் இல்லை. வளர வேண்டிய வயதில் ஒரு குழந்தையின் தட்டு பாதி காலியாகிவிடும். அது தேவையான தியாகம் என்றால் செய்யத்தான் வேண்டும். தேவையில்லாத தியாகம் என்றால்?

சிறு குழந்தைகளின் ஒவ்வாமையைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை நல்லதா, தோல் குத்தல் சோதனை நல்லதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இரண்டையும் ஒப்பிட்டு என் கருத்தைச் சொல்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. சோதனை எடுப்பதற்கு முன்னால் குழந்தைக்கு என்ன நடந்தது என்று யாராவது உட்கார்ந்து கேட்டார்களா?

ஒரே ஆளை இரண்டு இடத்தில் தேடுவது

'ஒவ்வாமை' என்று நாம் சொல்லும் 'அலர்ஜி' என்ற சொல்லை உருவாக்கியவர் வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே. ஆண்டு 1906. தோலில் சோதித்துப் பார்ப்பது அதற்கும் முந்தைய பழக்கம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் சார்ல்ஸ் பிளாக்லி என்ற மருத்துவர், தமக்கு மூக்கொழுகலும் தும்மலும் எதனால் வருகின்றன என்று அறிய, தம் தோலையே கீறி அதில் புல்லின் மகரந்தத்தைத் தேய்த்துப் பார்த்தார். கீறிய இடம் தடித்துச் சிவந்து அரித்தது. தம் ஆய்வுகளை அவர் 1873-இல் நூலாக வெளியிட்டார்.

தோல் ஏன் தடிக்கிறது? அதற்கு 1921-இல் ஒரு துணிச்சலான சோதனை வழிகாட்டியது. கார்ல் பிராவுஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்று இரு மருத்துவர்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. பிராவுஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொல்லையும் இல்லை. கூஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைப் பிராவுஸ்னிட்ஸ் தம் வயிற்றுத் தோலில் ஊசியால் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் அந்த இடம் மட்டும் தடித்தது. ஒவ்வாமையை உண்டாக்கும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் ஓடுகிறது, தோலில் போய் அமர்ந்து வேலை செய்கிறது என்பது அன்று தெளிவாயிற்று.

அந்தப் பொருள் எது என்று கண்டுபிடிக்க மேலும் 45 ஆண்டுகள் ஆயின. 1966-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜப்பானியத் தம்பதியரான கிமிஷிகே இஷிசாக்காவும் தெருகோ இஷிசாக்காவும், அடுத்த ஆண்டே சுவீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியாக அதைக் கண்டறிந்தார்கள். 1968-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு ஐஜிஇ என்று பெயரிட்டது. அது நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களில் ஒரு வகை.

இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரத்தப் பரிசோதனை, தோல் சோதனை இரண்டும் தேடுவது இதே ஐஜிஇ-யைத்தான். இரத்தப் பரிசோதனை, ஓடும் இரத்தத்தில் முட்டைக்கு எதிரான ஐஜிஇ எவ்வளவு, பாலுக்கு எதிரானது எவ்வளவு என்று அளக்கிறது. தோல் சோதனை, தோலிலுள்ள மாஸ்ட் உயிரணுக்களின் மேல் ஐஜிஇ ஏறி அமர்ந்திருக்கிறதா, தூண்டினால் அவை ஹிஸ்டமினை வெளியேற்றுகின்றனவா என்று பார்க்கிறது. தேடப்படும் ஆள் ஒருவரே. தெருவில் தேடுவதா, வீட்டுக்குள் தேடுவதா என்பதுதான் வேறுபாடு.

குத்தலின் பலமும் பலவீனமும்

தோல் குத்தல் சோதனை என்றதும் பெரிய ஊசியை நினைத்துப் பயப்பட வேண்டாம். குழந்தையின் முன்கையிலோ முதுகிலோ முட்டைச் சாறு, பால் சாறு என ஒவ்வொரு துளி வைப்பார்கள். ஒவ்வொரு துளியின் ஊடாகவும் ஒரு சிறு முனையால் தோலின் மேல்பரப்பை மெல்லக் குத்துவார்கள். இரத்தம் வராது. கூடவே ஒரு துளி ஹிஸ்டமினும் ஒரு துளி உப்புநீரும் இருக்கும். ஹிஸ்டமின் வைத்த இடம் தடிக்க வேண்டும், உப்புநீர் வைத்த இடம் தடிக்கக் கூடாது. அறிவியல் கூடத்தில் நீங்கள் 'கட்டுப்பாட்டு அமைப்பு' வைப்பீர்களே, அதேதான் இது. பதினைந்து இருபது நிமிடங்களில் முடிவு தெரியும். உப்புநீர் இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால் அதை நேர்முடிவு என்கிறார்கள்.

உடனே முடிவு தெரிவது இதன் பெரிய பலம். தடிப்பைக் குழந்தையின் அம்மா தம் கண்ணாலேயே பார்க்கலாம். ஆயத்தச் சாறு இல்லாத உணவாக இருந்தால், அந்த உணவையே கொண்டு வரச் சொல்லி, அதில் முனையைக் குத்திப் பிறகு தோலில் குத்திப் பார்க்கலாம். நம் வட்டாரத்தில் இது முக்கியம். 1990களில் சிங்கப்பூரில் உணவால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, முதல் இடத்தில் இருந்தது பறவைக்கூடு. மேலைநாடுகளுக்காகத் தயாரிக்கப்பட்ட முப்பது உணவுப் பட்டியலில் அது எங்கே இருக்கப்போகிறது?

பலவீனங்களும் உண்டு. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் மருந்தைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தடிக்க வேண்டியதும் தடிக்காது. உடம்பு முழுக்க எக்ஸிமா என்னும் கரப்பான் பரவிய குழந்தைக்குக் குத்திப் பார்க்க நல்ல தோல் கிடைப்பதே அரிது. கைக்குழந்தைகளுக்குத் தடிப்பு சிறிதாகவே வரும் என்பதால் அளவிடுபவருக்கு அனுபவம் வேண்டும். மிக அரிதாகச் சோதனையே கடும் எதிர்வினையைக் கிளப்பலாம். ஆகவே அட்ரினலின் ஊசியும் பயிற்சி பெற்றவரும் பக்கத்தில் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும்.

இரத்தப் பரிசோதனைக்கு இந்தத் தடைகள் இல்லை. மருந்தை நிறுத்த வேண்டாம், தோல் எப்படி இருந்தாலும் கவலை இல்லை, குழந்தைக்கு எதிர்வினை வரும் ஆபத்தும் இல்லை. எந்தக் கிளினிக்கிலும் இரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம். கிடைப்பது ஓர் எண் என்பதால் ஆண்டுதோறும் ஒப்பிட்டு, ஒவ்வாமை குறைகிறதா என்று பார்க்கலாம். ஆனால் முடிவுக்குச் சில நாள் காத்திருக்க வேண்டும். குண்டுக் கையில் நரம்பு தேடுவது குழந்தைக்கும் தாதிக்கும் சோதனைதான். இதன் மிகப் பெரிய ஆபத்து, இதன் மிகப் பெரிய வசதிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஒரே குழாய் இரத்தத்தில் எத்தனை உணவுகளை வேண்டுமானாலும் சோதிக்கலாம். படிவத்தில் ஒரு கட்டத்துக்குப் பதில் முப்பது கட்டங்களில் குறியிட எவருக்கும் கை கூசுவதில்லை.

தொழிற்சாலைக் கணக்கு

பத்து காவான் தொழிற்பேட்டையில் உங்கள் அப்பாவோ அக்காவோ தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்தால், இந்தக் கணக்கு அவர்களுக்கு எளிதில் புரியும். எந்தச் சோதனை இயந்திரமும் இரண்டு வகைப் பிழை செய்யும். கெட்ட பொருளை நல்லது என்று விட்டுவிடும், அல்லது நல்ல பொருளைக் கெட்டது என்று கழித்துவிடும். உடம்பைச் சோதிக்கும் கருவிகளும் அப்படித்தான்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். எந்தத் தொல்லையும் இல்லாத 1000 குழந்தைகளுக்கு முட்டை ஒவ்வாமைச் சோதனை செய்கிறோம். அவர்களில் 20 பேருக்குத்தான் உண்மையில் ஒவ்வாமை. ஒவ்வாமை உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சோதனை சரியாகப் பிடிக்கும். ஒவ்வாமை இல்லாத பத்துப் பேரில் இரண்டு பேரைத் தவறாகப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 20 பேரில் 18 பேர் பிடிபடுவார்கள். மீதி 980 பேரில் 196 பேரும் தவறாகச் சிக்குவார்கள். மொத்தம் 214 கூட்டல் குறிகள். அவற்றில் உண்மையானவை 18. அதாவது நூற்றுக்கு எட்டுதான்!

இப்போது அதே சோதனையை வேறு நூறு குழந்தைகளுக்குச் செய்வோம். முட்டை தின்ற அரை மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடித்த குழந்தைகள் இவர்கள். இவர்களில் 60 பேருக்கு உண்மையில் ஒவ்வாமை என்று கொள்வோம். 54 பேர் சரியாகப் பிடிபடுவார்கள். மீதி 40 பேரில் 8 பேர் தவறாகச் சிக்குவார்கள். 62 கூட்டல் குறிகளில் 54 உண்மை. நூற்றுக்கு 87.

சோதனை மாறவில்லை, ஆய்வகம் மாறவில்லை. மாறியது, சோதனைக்கு முன் நாம் கேட்ட கதை மட்டும்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாவது கூட்டத்தில், உண்மையில் ஒவ்வாமை உள்ள 6 பேருக்குச் சோதனை 'இல்லை' என்று சொல்லிவிடும். கதை வலுவாக இருந்தால் எதிர்முடிவையும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒவ்வொரு உணவுக்கும் தவறான கூட்டல் குறி விழும் வாய்ப்பு நூற்றுக்கு 5 மட்டுமே, ஒன்றின் முடிவுக்கும் மற்றொன்றின் முடிவுக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது உணவுகளைச் சோதித்தால், ஒவ்வாமையே இல்லாத குழந்தைக்கும் ஒரு கூட்டல் குறியாவது விழும் நிகழ்தகவு என்ன? 0.95-ஐ முப்பது முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழியுங்கள். ஏறத்தாழ 0.79 வரும். ஐந்து குழந்தைகளில் நான்கு பேர்!

நம் ஊர்த் தூசியும் நம் ஊர் இறாலும்

பத்து காவானில் வாழும் நமக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் நாட்டில் மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் வாழ்கின்றன. மலேசியாவில் ஆஸ்துமாவும் மூக்கு ஒவ்வாமையும் உள்ளவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது இவற்றுக்கு எதிரான ஐஜிஇ-தான். இந்த உண்ணியின் தசையில் டிரோபோமயோசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. கரப்பான்பூச்சியிலும் இறாலிலும் நண்டிலும் அதையொத்த புரதம் உண்டு.

விளைவு என்ன? தூசி உண்ணிக்கு எதிராக உருவான ஐஜிஇ, இறால் புரதத்தையும் பிடித்துக்கொள்ளலாம். தாளில் இறாலுக்கு நேரே கூட்டல் குறி விழும். ஆனால் அந்தக் குழந்தை போன ஞாயிற்றுக்கிழமைதான் புலாவ் அமானுக்குப் படகில் போய் ஒரு தட்டு இறால் மீயைத் தின்று, சிரித்துக்கொண்டே திரும்பியிருக்கும். தின்றும் ஒன்றும் ஆகவில்லை என்றால், தாள் என்ன சொன்னாலும் இறால் அவனுக்குப் பகையில்லை. 'உடல் ஐஜிஇ உண்டாக்கியிருக்கிறது' என்பது ஒன்று. 'உண்டால் நோய் வரும்' என்பது வேறு. இரத்தம், தோல் இரண்டு சோதனைகளும் முதலாவதைத்தான் காட்டுகின்றன.

அப்படியானால் அளவு பெரிதாக இருந்தால்? அதற்குப் பொருள் உண்டு. இரத்தத்தில் லிட்டருக்கு 0.35 கிலோ யூனிட் என்பதே பல காலமாக நேர்முடிவுக்கான கோடு. ஆனால் அமெரிக்க மருத்துவர் ஹியூ சாம்ப்சன் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், முட்டை ஒவ்வாமை நூற்றுக்கு 95 உறுதி என்று சொல்ல 7 கிலோ யூனிட் தேவைப்பட்டது. கோட்டுக்கும் உறுதிக்கும் நடுவே இருபது மடங்கு இடைவெளி! தோலிலும் அப்படியே: 3 மில்லிமீட்டர் ஐயத்தைக் கிளப்பும், நிலக்கடலைக்கு 8 மில்லிமீட்டர் வந்தால் ஏறக்குறைய உறுதி. குழந்தையின் வயதுக்கும் நாட்டுக்கும் ஏற்ப இந்த அளவுகள் மாறும். இன்னொன்று: எண் பெரிதானால் ஒவ்வாமை இருக்கும் வாய்ப்பு அதிகம் என்றுதான் பொருள். எதிர்வினை கடுமையாக வரும் என்று பொருளில்லை.

நடுவில் விழும் எண்களுக்கு என்ன செய்வது? மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிப்பில், அந்த உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பதுதான் இறுதித் தீர்ப்பு. இதை ஒருபோதும் வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது. டென்வரின் தேசிய யூத மருத்துவமனையில், பல உணவுகளை விலக்கி வைத்திருந்த 125 குழந்தைகளுக்கு இப்படி 364 முறை உணவு கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில் 325 முறை, அதாவது நூற்றுக்கு 89 முறை, எதுவும் ஆகவில்லை. அந்தக் குழந்தைகள் அத்தனை நாள் அந்த உணவுகளைக் காரணமில்லாமல் இழந்திருந்தார்கள்.

"எதற்கும் நிறுத்தி வைத்தால் நல்லதுதானே?"

பாட்டி இப்படிக் கேட்பார். அதில் பாசம் இருக்கிறது. ஆனால் அறிவியல் வேறு சொல்கிறது. 2015-இல் லண்டனில் கிடியன் லாக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் நிலக்கடலை உணவைத் தொடர்ந்து தின்றார்கள், மறுபிரிவினர் அறவே தவிர்த்தார்கள். தொடக்கத்தில் தோல் சோதனை எதிர்முடிவு காட்டிய குழந்தைகளில், ஐந்து வயதில் நிலக்கடலை ஒவ்வாமை வந்தவர்கள் தவிர்த்த பிரிவில் நூற்றுக்கு 13.7 பேர், தின்ற பிரிவில் 1.9 பேர்தான். தவிர்ப்பது பாதுகாப்பு என்ற பழைய நம்பிக்கை தலைகீழானது. எக்ஸிமா உள்ள குழந்தை தொல்லையின்றித் தின்றுவந்த பாலையோ முட்டையையோ ஒரு தாளை நம்பி நீண்ட நாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தபோது, கடும் எதிர்வினை வந்த நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

இதனால் ஒவ்வாமையே பொய் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். உண்மையான உணவு ஒவ்வாமை உயிரைப் பறிக்கும். உணவு உண்ட சற்று நேரத்தில் உதடும் நாக்கும் வீங்கினால், மூச்சு இழுத்தால், குழந்தை துவண்டு விழுந்தால், எந்தச் சோதனையையும் பற்றி யோசிக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் உயிர் காக்கும் மருந்து அட்ரினலின்தான்.

என் தீர்ப்பு

இரத்தமா, தோலா? ஒவ்வாமை மருத்துவரிடம் போக முடிந்து, தோல் ஓரளவு நன்றாகவும் இருந்தால், சிறு குழந்தைக்கு முதலில் தோல் குத்தல் சோதனையைத்தான் நான் சொல்வேன். இருபது நிமிடத்தில் முடியும், நம் ஊர் உணவையே கொண்டு சோதிக்கலாம். கரப்பான் பரவியிருந்தால், மருந்தை நிறுத்த முடியாவிட்டால், முன்பு மிகக் கடுமையான எதிர்வினை வந்திருந்தால், இரத்தப் பரிசோதனை.

"நிபுணரைத் தேடி எங்கே போவது? பக்கத்துக் கிளினிக்கில் இரத்தம் எடுப்பதுதான் எங்களால் முடியும்" என்று சில பெற்றோர் சொல்வார்கள். வேலைக்கு விடுப்புப் போட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைவது எவ்வளவு சிரமம் என்று தெரியாமல் பேசக் கூடாது. அவர்களுக்கு என் பதில்: தாராளமாக இரத்தமே எடுங்கள். ஆனால் முப்பது கட்டங்களில் குறியிட வேண்டாம், ஐயமுள்ள ஒன்றிரண்டில் மட்டும் போதும். எந்தச் சோதனை என்பதைவிட எத்தனை கட்டம் என்பதுதான் குழந்தையின் தட்டைக் காப்பாற்றும். அதோடு, ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளை அளந்து 'உணவு ஒவ்வாமைத் தொகுப்பு' என்று விற்கும் சோதனைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஓர் உணவை நாம் உண்டு பழகியிருக்கிறோம் என்பதையே ஐஜிஜி பெரும்பாலும் காட்டும். அமெரிக்க ஒவ்வாமை மருத்துவக் கழகம் இப்படிப்பட்ட சோதனைகளையும், கண்டபடி எடுக்கும் ஐஜிஇ தொகுப்புச் சோதனைகளையும் செய்ய வேண்டாம் என்று 2012-இலேயே அறிவுறுத்தியது.

இதில் உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு, மாணவர்களே. தம்பிக்கோ தங்கைக்கோ தொல்லை வந்தால் ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன தின்றான், எவ்வளவு தின்றான், எத்தனை நிமிடத்தில் என்ன ஆயிற்று, அதே உணவை முன்பு தின்றபோது என்ன ஆயிற்று என்று தேதியோடு எழுதுங்கள். தடிப்பு வந்தால் கைப்பேசியில் படம் எடுங்கள். மருத்துவரிடம் போகும்போது அம்மாவின் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள்.

மேலே போட்ட கணக்கில் நூற்றுக்கு எட்டாக இருந்ததை எண்பத்தேழாக உயர்த்தியது அந்தக் கதைதான். அதை எழுதித் தர எந்த ஆய்வகத்தாலும் முடியாது. வீட்டில் கூடவே இருந்து பார்க்கும் உங்களால் முடியும்.